அவளுக்குத் தனிச் சமையல் எதற்கு?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓடும் கிண்டலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டுப் பெண் ஒருத்தி பால், நெய், முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உடனே, "போற வீட்ல என்ன பண்ணுவா?", "இவளுக்குன்னு யார் தனியா சமைக்கிறது?" கேட்டவர்களில் பாதிப் பேர் அடுப்பே பற்றவைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

தனியாக ஏன் சமைக்க வேண்டும்? எல்லோரும் அதையே சாப்பிடலாமே.

'வீகன்' என்ற சொல்தான் வெளியூர்ச் சரக்கு. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் கூட்டாளிகளும் உண்டாக்கியது. பண்டம் நம்முடையது. நல்லெண்ணெய் விட்ட கல்தோசையில், அடையில் எங்கே இருக்கிறது பால்? குழந்தைகள் பேன்கேக் கேட்டால் வெல்ல தோசை வார்த்துக் கொடுங்கள். அதற்குப் போய் விலை கொடுத்துப் பாக்கெட் மாவு வாங்குகிறீர்கள். பல பாக்கெட்டில் பால் பவுடர் வேறு. பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

ஒரு டம்ளர் கோதுமை மாவு, கால் டம்ளர் அரிசி மாவு. முக்கால் டம்ளர் வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறியபின் மாவில் ஊற்றுங்கள். நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து சேர்க்கவும். ஏலக்காய், சிட்டிகை உப்பு, கொஞ்சம் தேங்காய்த் துருவல். கெட்டியாக இருந்தால் இன்னும் தண்ணீர். வார்க்கும் முன் ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. தீ குறைவாக இருக்கட்டும், வெல்லம் சீக்கிரம் கருகும். மேலே ஓட்டை ஓட்டையாக வந்ததும் திருப்புங்கள்.

"முட்டை இல்லாம எப்படி சார் உப்பும்?" என்று ஒரு பழைய மாணவர் கேட்டிருக்கிறார். வகுப்பில் நடத்தியதுதானப்பா! அமிலமும் சோடாவும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. ஒட்டிப் பிடிக்கிற வேலையை மாவும் பழமும் பார்த்துக்கொள்ளும்.

கேட்க வேண்டிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு: பி12. செடிகொடி உணவில் அதை நம்ப முடியாது. டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் உடம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட குழுவில் அதைக் கேட்டவர் ஒருவருமில்லை.

இன்னொன்று. குடும்பம் முழுக்கச் சுடச்சுடத் தின்ன, வார்ப்பவள் கடைசியில் ஆறிப்போனதைத் தின்கிறாளே, அதை யாரும் தொந்தரவு என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிண்டல் செய்த மாமாக்கள் ஆளுக்கு ஒரு கல்லில் நில்லுங்கள். வார்த்து முடித்ததும் குழுவில் படம் போடுங்கள்.