எதிராளியே நடுவரா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள். கட்டிய வீட்டுக்குப் பணம் வாங்கிப் பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்!

பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மாடிமேல் மாடி எழும்புகிறது. கடைசி பில் வரும்போதுதான் தகராறு. "வேலை மோசம்" என்பார் சொந்தக்காரர். "செய்த வேலைக்குப் பணம் எங்கே?" என்பார் கண்டிராக்டர். நடுவில் தவிப்பவர்கள் கொத்தனாரும் சித்தாளும்.

இதற்காகத்தான் ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் ஷரத்து இருக்கிறது. ஆனால் பணம் தர வேண்டியவரே மத்தியஸ்தரை நியமிப்பார் என்று எழுதிவிடுவதும் உண்டு. கோழி வழக்குக்கு நரியைப் பஞ்சாயத்து வைத்த கதைதான்!

குண்டூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி வடிவமைப்பு ஒப்பந்த வழக்கில், 2019-ல் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. ஒரு தரப்பு நியமித்தவரை நீக்கி, ஓய்வு பெற்ற நீதிபதி ஏ. கே. சிக்ரியை நியமித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் பெஞ்சும், ஒரு தரப்பே தனி மத்தியஸ்தரை நியமிப்பது சமநீதிக்கு விரோதம் என்றது. சரியான தீர்ப்பு.

1996-ம் வருஷச் சட்டப்படி, நோட்டீஸ் கொடுத்து 30 நாளில் இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் ஹைகோர்ட்டை நாடலாம். கோர்ட் அங்கே பாக்கித் தொகையை விசாரிக்காது. மத்தியஸ்த ஒப்பந்தம் உண்டா என்றே பார்க்கும். ஆகவே நியமனம் கிடைத்தாலே வெற்றி என்று துள்ளக் கூடாது. வழக்கு அப்புறம்தான் ஆரம்பம்!

கோர்ட் படி ஏறும் மாதங்களை மிச்சப்படுத்த ஒரே வழி, இருவரும் சம்மதித்துத் தேர்ந்தெடுக்கும் நடுவர். அஸ்திவாரம் தோண்டுமுன் அந்த ஷரத்தைப் படியுங்கள். கூலிக்காரர் வீட்டு அடுப்பு எரிவதும் அதைப் பொறுத்ததே.