அரைநாடாவில் ஒரு சரித்திரம்

ராஜாக்களின் கிரீடத்தையும் வாளையும் காட்சிசாலைகளில் கண்டு களிக்கலாம். ஆனால், "அந்த ராஜா அங்கிக்குள்ளே என்ன உடுத்தியிருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்! ஐரோப்பாவில் சிலர் சிரிக்காமல் இந்தக் கேள்வியைக் கேட்டு, ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 700 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆண்கள் அணிந்த உள்நிஜாரைத் திரும்பத் தைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

"பழைய நிஜாரைப் பிரித்து அளவெடுத்தால் ஆயிற்று" என்பீர்கள். பழையது கிடைத்தால்தானே! அது லினன் துணி. மண்ணுக்குள் கம்பளி சில இடங்களில் தப்பிவிடும். லினன் மக்கிப் போகும். தையற் புத்தகமும் கைகொடுக்காது. 1580-ல் ஸ்பெயினில் அச்சான பிரசித்தமான தையற் புத்தகம்கூட மேலுடைகளைத்தான் பேசுகிறது.

மிச்சம் இருப்பவை சித்திரங்கள். 1240-களில் பிரான்ஸில் தீட்டப்பட்ட ஒரு சித்திர பைபிளில், கதிரடிக்கும் ஆள் வெறும் உள்நிஜாரோடு நிற்கிறான். தொளதொளவென்ற வெள்ளைத் துணி. இடுப்பில் நாடாவைச் சுற்றி உருட்டிவிட்ட சுருள். ஆனால், தையல் எங்கே போகிறது என்று சித்திரக்காரன் காட்டவில்லை. அதை உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, முதலில் மலிவான காடாத் துணியில் வெட்டுகிறார்கள். இடுப்பில் உருட்டுவதற்காக உயரத்தில் தாராளமாகத் துணி விடுகிறார்கள். பெரிய ஊசிகொண்டு ஓட்டத் தையல் போட்டு, உடுத்திப் பார்க்கிறார்கள். நிற்கும்போது எல்லாம் கச்சிதம். குனிந்தாலோ பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். குந்தினால் தொடைச் சந்தில் தையல் விட்டுப் போகும்! பாவாடைக்கும் நிஜாருக்கும் வித்தியாசம் அங்கேதான். முன் இடுப்பிலிருந்து கால்களின் நடுவே பின் இடுப்பு வரையில் உள்ள அளவை உட்கார வைத்து எடுக்க வேண்டும். பின்பக்கத்துக்கு உயரம் கூடுதலாக விட வேண்டும். சந்தில் ஒரு சதுரத் துண்டை மூலை திருப்பி வைத்துத் தைத்தால் கால்கள் தாராளமாக அகலும்.

சரியான பிறகே லினனில் கத்திரி வைக்கிறார்கள், அதுவும் துணியை நனைத்துக் காயவைத்த பிறகு. மெழுகு தடவிய நூலால் தைத்து, பிசிர் வெளியே தெரியாமல் மடித்து ஹெம்மிங் செய்கிறார்கள். தோலை உராயக்கூடாதல்லவா?

இந்த நிஜாருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அக்காலத்தில் கால் உறைகள் தனித்தனி. அவற்றை இடுப்பு நாடாவில்தான் முடிந்துகொள்வார்கள். 14-ஆம் நூற்றாண்டில் மேற்சட்டை குட்டையாகி, கால் உறை தொடையை இறுக்கிப் பிடிக்கும் நாகரிகம் வந்தது. உள்ளே தொளதொளப்பு இருந்தால் வெளியே புடைத்துத் தெரியுமே! நிஜார் சுருங்கத் தொடங்கியது.

எவ்வளவு சுருங்கிற்று? 2008-ல் ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையைச் செப்பனிட்டபோது, தளத்துக்கு அடியில் குப்பைகூளத்தோடு 2,700-க்கு மேற்பட்ட துணித் துண்டுகள் அகப்பட்டன. உலர்ந்த இடமானதால் லினனும் பிழைத்துவிட்டது. இன்ஸ்ப்ரூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்ரிக்ஸ் நுட்ஸ் என்ற பெண்மணி அவற்றை ஆராய்ந்தார். அவற்றுள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு முழு உள்நிஜார்! பக்கங்களில் முடிச்சுப் போட்டுக் கட்டும் சின்னஞ்சிறு துணி. பார்த்தவர்கள் பெண்களுடையது என்றே நினைப்பார்கள். அக்காலத்துச் சித்திரங்களோ, அதை ஆண்கள்மேல்தான் காட்டுகின்றன.

அந்த நூற்றாண்டின் ஜெர்மானியச் சித்திரங்கள் சிலவற்றில் புருஷனும் பெண்சாதியும் நிஜாருக்காகச் சண்டை போடுகிறார்கள். அதை மாட்டிக்கொள்பவருக்கே வீட்டில் அதிகாரம் என்று பரிகாசம்!

கம்பளி மேலுடையைத் தையற்காரர் வெட்டினார். அவர் தொழில் புத்தகம் ஏறியது. லினன் உள்ளாடை பெரும்பாலும் பெண்களின் கைவேலை. தைத்து, துவைத்து, மறுபடி தைத்தவர்கள் அவர்கள். பின்பக்கத்துக்கு எவ்வளவு துணி விட வேண்டும் என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லியிருப்பாள். ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று காடாத் துணியில் வெட்டி வெட்டித் தேடுகிறார்கள்.

உங்கள் வீட்டுத் தையல் அளவுகளையாவது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், சகோதரிகளே!