கீரைக் காம்புத் தோப்பு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கீரமங்கலம் பக்கம் புகுந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு வயது. ஓடுகள் பறக்க, பிள்ளையின் அப்பத்தா அவளை நெல் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் உட்காரவைத்து, தன் முதுகால் மறைத்துக்கொண்டார். விடிந்தபோது தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன.

அதன்பிறகு மட்டை உரசினாலே பிள்ளை கட்டிலுக்கடியில் போய்விடுவாள். ராத்திரி அலறுவாள். ‘சின்னப் பிள்ளைதானே, மறந்துரும்’ என்றது தெரு. நானும் அதையேதான் சொன்னேன்; எவ்வளவு பெரிய தப்பு! சொல்லத் தெரியாத வயதில் பட்ட பயம் உடம்பில் தங்கிவிடுகிறது. விழுந்த தென்னைக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று மரங்களை எண்ணினார்கள். பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

அவளாக ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். உருவிப்போட்ட முருங்கைக்கீரைக் காம்புகளை மணலில் வரிசையாக நட்டு, ‘உஸ்ஸ்’ என்று ஊதிச் சாய்ப்பாள். மறுபடி நடுவாள், மறுபடி சாய்ப்பாள். ‘என்னடி அபசகுனம் பிடிச்ச விளையாட்டு!’ என்று அம்மா அதட்ட, அப்பத்தா தடுத்தார்: ‘விடு ஆத்தா, மனசுல கெடக்குறது வெளிய வரட்டும்.’ தினமும் சாயங்காலம் திண்ணையோரம் உட்கார்ந்து காம்பு எடுத்துக் கொடுப்பார். ‘பயப்படாதே’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காற்றடித்தால், ‘ஆமா, காத்துதான். நான் இங்கனதான் இருக்கேன்’ என்பார்.

இப்படிக் கூடவே இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதை ஓர் ஆய்வும் சொல்கிறது. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பலவும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறிவந்தார்கள். விட்டுப்போகாத பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு வாய்த்திருந்தார். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. தாத்தா பாட்டியாகவும் இருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன், புயலடித்த ஊரில் முதலில் திறக்க வேண்டியது அங்கன்வாடி. அதே டீச்சர், அதே பாட்டு, அதே நேரத்துக்குச் சோறு. மாதக்கணக்கில் பேச்சும் தூக்கமும் திரும்பாத பிள்ளைகளை மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்கவே கூடாது.

நாலைந்து மாதம் கழித்து, சாய்ந்த காம்பு ஒன்றை வாழைநாரால் குச்சியோடு கட்டி நிறுத்தினாள் பிள்ளை. மறுநாள் அதையும் ஊதிச் சாய்த்தாள். அப்பத்தா அடுத்த காம்பை எடுத்து நீட்டினார்.