தாடையைத் திருத்துவதற்கு முன்



ஜெபக்குறிப்போடு வருகிறவர்களில் சிலர் அண்மைக்காலமாக ஒரு புதிய கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். மகளின் மோவாய் சற்று உள்வாங்கியிருக்கிறது, ஊசி மருந்து போதும் என்கிறார் ஒரு மருத்துவர், சிலிகான் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர், எலும்பையே வெட்டி நகர்த்தலாம் என்கிறார் மூன்றாமவர், எதைத் தெரிந்துகொள்வது? இது பாவமா என்பது அதனோடு சேர்ந்தே வரும் கேள்வி. இந்த வாரச் சிந்தனையை இதற்கே ஒதுக்குகிறேன்.

முகத்தைத் திருத்தும் அறுவைசிகிச்சை தன்னிலே பாவம் என்று நான் எண்ணவில்லை. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் முடங்கிய விரல்களை நிமிர்த்தியதோடு அவர் நிற்கவில்லை. அமிழ்ந்துபோன மூக்கை உயர்த்தினார். உதிர்ந்துபோன புருவத்திற்குத் தலைமுடியுள்ள தோலைக் கொண்டு புதுப் புருவம் அமைத்தார். புருவம் இல்லாவிட்டாலும் உணவு உண்ணலாம், வேலை செய்யலாம். ஆனாலும் நோய் குணமான பிறகும், புருவமற்ற முகத்தைக் கண்ட ஊர் அந்த மனிதரை உள்ளே சேர்க்கவில்லை. அவரை மனிதரோடு மீண்டும் சேர்த்த அந்தச் சிகிச்சையை வீண் பெருமை என்று யார் சொல்லக்கூடும்?

தாடையைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டியது அழகைப் பற்றிய கேள்வி அல்ல. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் சரியாகச் சேருகின்றனவா? மெல்லவும் தெளிவாய்ப் பேசவும் முடிகிறதா? உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா? சிறிய மோவாய் போலத் தோன்றுவது, சிலருக்குக் கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கியிருப்பதன் அடையாளம். அப்படியிருந்தால் மோவாயை மட்டும் நிரப்புவது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. பற்களுக்குக் கம்பி கட்டி, பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ ஒழுங்குபடுத்தி, பின்பு தாடையையே நகர்த்துவதுதான் அதற்குரிய சிகிச்சை. ஆகவே அழகு நிலையத்துக்குச் செல்லுமுன் பற்சீரமைப்பு மருத்துவரையும், முகத்தாடை அறுவைசிகிச்சை நிபுணரையும் பாருங்கள். இத்தகைய சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளையை ஒருவரும் அலங்காரப்பிரியை என்று பேசவேண்டாம்.

பல்வரிசை சரியாயிருந்து, மோவாயின் வடிவம் மட்டுமே மனதை வருத்துமானால், மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன. ஹயலூரானிக் அமில ஃபில்லர் ஊசியால் செலுத்தப்படுவது. அது ஏறக்குறைய ஓராண்டில் கரையத் தொடங்கும். பிடிக்காவிட்டால் கரைக்கவும் மருந்து உண்டு. ஆயினும் அரிதாக அது இரத்தக்குழாயை அடைத்துத் தோலையும், மிக அரிதாகப் பார்வையையும் கெடுத்துவிடும். ஆகவே தகுதிபெற்ற மருத்துவரல்லாதவர் கையில் முகத்தைக் கொடுக்கலாகாது. சிலிகான் இம்ப்ளான்ட் நிலையானது. ஆனால் இடம் பெயரலாம், கிருமித்தொற்று வந்தால் எடுக்கவும் நேரிடலாம். மூன்றாவதான ஜீனியோபிளாஸ்டியில், கீழுதட்டின் உட்புறமாகத் திறந்து, மோவாய் எலும்பை வெட்டி முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகட்டால் பொருத்துகிறார்கள். அது சொந்த எலும்பு. உயரத்தையும் கோணலையும்கூடச் சரிசெய்ய இடமுண்டு. ஆனால் கீழுதடும் மோவாயும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும். சிலருக்கு அந்த உணர்ச்சி முழுமையாகத் திரும்புவதில்லை. பிறர் பார்க்கும் ஒரு கோட்டுக்காக, தன் உதட்டின் உணர்ச்சியைப் பணயம் வைக்கலாமா என்பதை அந்த உதட்டுக்குரியவரே தீர்மானிக்கவேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது என்று சொல்வது மருத்துவர் வேலை. போதகனாக நான் கேட்பது வேறொன்று: இந்தத் திருத்தத்தை யார் கேட்கிறார்கள்?

பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஓலை வாசிக்கும் நாளுக்குள் முடித்துவிடவேண்டும் என்று எடுக்கப்படும் தீர்மானத்தை நான் ஆதரிக்கமாட்டேன். வீக்கம் முழுதும் வடிய மாதங்கள் ஆகும். கலியாணத் தேதிக்காக எலும்பு விரைந்து கூடாது. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. மோவாயை நிபந்தனையாக வைத்த வீடு, நாளைக்கு நிறத்தையும் உடலையும் நிபந்தனையாக வைக்கும். பெற்றோரே, மகளை அறுவைக்கூடத்துக்கு அனுப்புவதைவிட அந்தச் சம்பந்தத்தைத் திருப்பி அனுப்புவது எளிது.

இளையோருக்கும் ஒன்று சொல்வேன். தாடையின் வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 16 வயது வரையிலும், ஆண்பிள்ளைகளுக்கு 18 வயதும் அதற்கு மேலும் தொடர்கிறது, காத்திருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் எடுக்கும் கைபேசிப் படம் மூக்கைப் பெரிதாக்கி முகத்தின் அளவுகளை மாற்றிக் காட்டும். அதை வைத்து உங்களை அளக்காதிருங்கள். ஒரு நாளின் பல மணி நேரத்தைக் கண்ணாடி விழுங்கிவிடுகிறதென்றால், வெளியே வரவே மனம் கூசுகிறதென்றால், முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அந்த வேதனைக்குக் கத்தி பெரும்பாலும் மருந்தாவதில்லை. அவரிடம் செல்வது விசுவாசக் குறைவும் அல்ல.

இனி சபையாகிய நமக்கு. முதல் உலகப்போரில் தாடை சிதைந்த வீரர்களுக்காக, இங்கிலாந்தின் சிட்கப் என்னும் ஊரில் 1917-இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹரால்டு கில்லீஸ் என்ற மருத்துவரும் அவரோடிருந்தவர்களும் 5,000-க்கும் மேற்பட்டோரின் முகங்களைப் பொறுமையோடு சீராக்கினார்கள். ஆனால் அந்த ஊரின் சாலையோரத்தில் சில இருக்கைகளுக்கு நீல நிறம் பூசப்பட்டிருந்தது. அவற்றில் அமர்ந்திருப்பவர் முகத்தைக் கண்டு மக்கள் அதிர்ச்சியடையாதபடி முன்னெச்சரிக்கை அது. மருத்துவர் எலும்பைச் சேர்த்தார். ஊரோ மனிதரைப் பிரித்து உட்காரவைத்தது.

நம் ஆலயத்தின் இருக்கைகளில் நீல நிறம் இல்லை. ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "பிள்ளை நல்ல பிள்ளைதான், முகவெட்டுதான் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்தும் ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளை அமரும் இடம் நீலமாகிவிடும். அறுவைக்குச் செல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவளை அங்கே அனுப்பிய வார்த்தை எந்த வாசலில் பிறந்தது என்று சபை கேட்டுப்பார்க்கவேண்டும்.

முதலாம் சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தில், ஈசாயின் வீட்டுக்குச் சென்ற தீர்க்கதரிசியே எலியாபின் தோற்றத்தைக் கண்டு இவன்தான் என்று எண்ணினார். கர்த்தர் அவரைத் திருத்தினார். அதே அதிகாரம் தாவீதின் அழகையும் மறைக்காமல் சொல்லுகிறது. வேதம் அழகைப் பகைக்கவில்லை. அதை அளவுகோலாக வைக்கவே மறுக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தம் மகிமையின் சரீரத்தில் ஆணித்தழும்புகளை அகற்றிவிடாமல், அவற்றைக் காட்டியே சீஷருக்குத் தம்மை அறிவித்தார்.

ஆகவே, சிகிச்சை தேவையானால் பயமின்றிச் செய்துகொள்ளுங்கள். அழகுக்காகவே விரும்பினாலும், யாருடைய நிபந்தனையுமின்றி, விலையை முழுதும் அறிந்து, ஜெபத்தோடு காத்திருந்து தீர்மானியுங்கள். செய்துகொண்டவரையும் செய்யாதவரையும் சபை ஒரே பந்தியில் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஜெபம்: எங்களை உருவாக்கிய பிதாவே, தங்கள் முகத்தைக் குறித்து வெட்கப்படும் பிள்ளைகளை உமது அன்பினால் தேற்றும். எங்கள் கண்களையும் நாவையும் சுத்திகரியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.