புகையிலைக் குடும்பத்திலிருந்து ஒரு தடுப்பூசி

பாம்பின் நஞ்சைக் கொண்டே பாம்புக்கடிக்கு மருந்து கண்டவர்கள் நாம். ஆகவே, புகையிலைக் குடும்பத்துச் செடியொன்றிலிருந்து தடுப்பூசி வந்ததில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆயினும் 2022 பிப்ரவரியில் கனடா அனுமதித்த ‘கோவிஃபென்ஸ்’ என்னும் கொரோனாத் தடுப்பூசியின் கதை, ஓராண்டுக்குள் வருத்தமாகவே முடிந்துபோயிற்று.

கியூபெக் நகரத்து மெடிகாகோ நிறுவனம் அதனை நிகோடியானா பெந்தாமியானா என்ற ஆஸ்திரேலியச் செடியின் இலைகளில் உருவாக்கியது. சிகரெட்டுப் புகையிலைக்கு இது ஒன்றுவிட்ட உறவு மட்டுமே. அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிரில் கொரோனாவின் கூர்ப்புரதத்துக்குரிய மரபணுவை ஏற்றி, அக்கரைசலில் செடிகளை அமிழ்த்தி, வெற்றிடம் உண்டாக்கி விடுவிப்பார்கள். இலைகள் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். சில நாட்களில், வைரசின் தோற்றம் மட்டும் கொண்ட, உள்ளே மரபுப்பொருள் ஏதுமற்ற வெற்றுக்கூடுகளை இலையே செய்து தந்துவிடும். அவற்றைப் பிரித்துத் தூய்மைப்படுத்தித் தடுப்பூசியாக்குவார்கள். மனிதரிடையே நடந்த சோதனையில் அது ஏறக்குறைய 70 சதவீதப் பாதுகாப்பைத் தந்தது.

குறை இலையில் இல்லை, பங்குப் பத்திரத்தில் இருந்தது. நிறுவனத்தின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சிகரெட் நிறுவனமான பிலிப் மாரிஸிடம் இருந்தது. அதனைச் சுட்டி உலக சுகாதார நிறுவனம் இத்தடுப்பூசியைத் தன் அவசரகாலப் பட்டியலில் ஏற்கவில்லை. 2023 பிப்ரவரியில் உரிமையாளரான ஜப்பானியக் குழுமம் மெடிகாகோவை மூடுவதாக அறிவித்தது.

கொள்கைக்காக மருந்தை மறுப்பது தகுமா? இங்கே தகும் என்றே கருதுகிறோம். அப்போது வேறு தடுப்பூசிகள் இருந்தன. மறுப்பினால் எவரும் கைவிடப்படவில்லை. ஆண்டுதோறும் எழுபது லட்சம் பேரைப் பலிகொள்ளும் பண்டத்தை விற்பவர்களுக்கு, மருத்துவத்தின் நற்பெயரைத் தானமாக வழங்க வேண்டியதில்லை.

நமது ஆதங்கம் கனடிய அரசின்மீதுதான். 2020இல் 17 கோடி டாலருக்கும் மேல் இந்நிறுவனத்துக்கு அது வாக்களித்தது. புகையிலைப் பணம் விலகினால்தான் பொதுப்பணம் நுழையும் என்று அன்றே நிபந்தனை விதித்திருக்கலாம். 2022 முடிவில் அந்தப் பங்கு கைமாறியபோது காலம் கடந்துவிட்டது.

பெரும் உருக்குக் கலன்கள் இன்றிப் பசுமைக்குடிலில் செடி வளர்த்தே தடுப்பூசிக்கான புரதத்தைப் பெறலாம் என்பது எளிய நாடுகளுக்கு எத்தனை பெரிய வாய்ப்பு! அவ்வறிவு ஒரு குழுமத்தின் கணக்குப் புத்தகத்தோடு மூடப்படலாகாது. வரிப்பணம் செல்லும் இடத்தில் இன்னும் யாருடைய பணம் இருக்கிறது என்று முதல் நாளிலேயே கேட்பது அரசின் கடமை. கேட்கச் செய்வது நம் கடமை.