கஞ்சா அடித்துவிட்டு ஸ்கூபா டைவிங் போனால் என்ன ஆகும்? கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து டூர் கிளம்புபவர்கள் கவனத்துக்கு!

தேனி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனாலும் கம்பம், போடி, சின்னமனூர் பக்கம் இருந்து நண்பர்கள் சேர்ந்து டூர் போட்டால் புதுச்சேரி, கோவளம், அந்தமான் என்று கடல்தான் முதலில் வருகிறது. அங்கே போனால் ஸ்கூபா டைவிங். ஆக்சிஜன் மாஸ்க் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவில் ஒரு வீடியோ, அதுதான் பலருக்கு டூரின் ஹைலைட்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது? முந்தைய நாள் இரவு ரூமில் 'சும்மா ஒரு இழுப்பு' இழுத்தவர் காலையில் போட் ஏறும்போது. "போதைதான் தெளிஞ்சிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். அதற்கான பதிலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்பம் என்றாலே கஞ்சாவா?

வருசநாடு, மேகமலை மலைப்பகுதிகளில் ஒரு காலத்தில் கஞ்சா பயிரிடப்பட்டது உண்மை. அந்தப் பெயர் இன்னும் கம்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திரா - ஒடிசா எல்லை மலைகளில் இருந்து ரயிலிலும் லாரியிலும் வருவது. தமிழக போலீஸ் 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கி, பிறகு பல கட்டங்களாக நடத்தியது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சைதான் கம்பத்தின் இன்றைய பெருமை.

ஆக, இது ஒரு ஊரின் பிரச்சினை அல்ல. எந்த ஊர் இளைஞர் என்றாலும் தண்ணீருக்குள் உடம்பு ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

தண்ணீருக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது?

10 மீட்டர் ஆழத்தில் உடல் மேல் உள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியலாம், காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நுரையீரல் முழுக்கக் காற்றோடு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் இருந்து எழுந்தால்கூட இந்த ஆபத்து உண்டு.

அதனால்தான் பயிற்சியாளர் சொல்லும் முதல் விதி, 'மூச்சை அடக்காதே'. இரண்டாவது விதி, 'மெதுவாக மேலே வா'. இரண்டுமே ரொம்ப எளிமையானவை. பதற்றத்தில் முதலில் மறந்துபோவதும் இவைதான்.

கஞ்சா இதில் எங்கே கெடுக்கிறது?

• இதயம்: கஞ்சா புகைத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பு எகிறுகிறது. புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் 4.8 மடங்கு உயர்கிறது என்று 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. தண்ணீருக்குள் இறங்குவதே இதயத்துக்குக் கூடுதல் வேலை. இரண்டும் சேரும்போது சுமை ஏறுகிறது.

• ஆக்சிஜன்: புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால், கஞ்சா புகைக்கும்போது ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறும் அளவு கிட்டத்தட்ட 5 மடங்கு என்று 1988-ல் ஒரு ஆய்வு கண்டது. காரணம், புகையை ஆழமாக இழுத்து உள்ளே நிறுத்தி வைக்கும் பழக்கம். ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும்.

• நேரமும் கவனமும்: 5 நிமிடம் 15 நிமிடமாகத் தெரியலாம். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம், பயிற்சியாளர் கை காட்டியது 'மேலே' என்றா 'நில்' என்றா என்பது குழம்பலாம். சுமார் 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜனே மயக்கம் தர ஆரம்பிக்கும். அதோடு கஞ்சாவும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

• பயம்: கஞ்சா எல்லோரையும் 'கூல்' ஆக்குவதில்லை. சிலருக்கு திடீர்ப் பதற்றத்தையும் சந்தேகத்தையும் கிளப்பும். ரூமில் என்றால் படுத்துக்கொள்ளலாம். 12 மீட்டர் ஆழத்தில் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே பாய்ந்தால்? மேலே சொன்ன இரண்டு விதிகளும் அந்த நொடியில் உடைகின்றன.

டைவிங் பாதுகாப்பு அமைப்புகளும் டைவிங் மருத்துவர்களும் போதைப் பொருள் பயன்படுத்திவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எத்தனை மணி நேரம் கழித்துப் போகலாம்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், எடுத்த அளவு, எடுத்த விதம், பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து 3 முதல் 10 மணி நேரம் வரை தடுமாற்றம் இருக்கலாம் என்று 2021-ல் சொன்னார்கள். அது தரையில் கார் ஓட்டுவது போன்ற வேலைகளை வைத்துச் சொன்ன கணக்கு. கடலுக்கு அடியில் ஓரமாக நிறுத்திக்கொள்ள இடம் கிடையாது.

கஞ்சா சாக்லேட் போல வாயில் போடும் வகை இன்னும் ஏமாற்றும். புகைத்தால் நிமிடங்களில் தெரியும். சாப்பிட்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும், 12 மணி நேரம்கூட நீடிக்கும். போட் ஏறும்போது நார்மலாக இருந்தவருக்கு, கடலுக்குள் இருக்கும்போது ஏறலாம்.

தினமும் பழக்கம் உள்ளவர் டூருக்காகத் திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல் இருக்கிறது. ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு வரும். அந்த நிலையில் இறங்குவதும் சரியல்ல. அதனால் 'இத்தனை மணி நேரம் போதும்' என்று ஒரு நம்பரைப் பிடித்துக்கொள்ளாமல், அந்த டூரில் கஞ்சாவா, கடலா என்று முடிவு செய்வதே பாதுகாப்பு.

உண்மையான ஆபத்து: சொல்லாமல் மறைப்பது

டைவிங்குக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். சர்வதேச அளவில் பயன்படும் படிவத்தில், கடந்த 5 ஆண்டுகளில் போதைப் பழக்கத்துக்கு சிகிச்சை எடுத்தீர்களா என்ற கேள்வியும் உண்டு. பலர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள். போலீஸ் பயம், வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், கட்டிய பணம் போய்விடுமோ என்ற கவலை.

ஆனால் இதைக் கவனியுங்கள். டைவிங்கால் வரும் பாதிப்பின் அறிகுறிகள் என்ன? தலைசுற்றல், குழப்பம், அசதி, கை கால் மரத்துப் போவது, பேச்சு குளறுவது. கஞ்சா போதையிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும். "அவனுக்கு இன்னும் தெளியல, படுக்க விடுங்க" என்று நண்பர்கள் நினைத்துவிட்டால், உடனே கிடைக்க வேண்டிய ஆக்சிஜனும் அழுத்த அறை சிகிச்சையும் மணிக்கணக்கில் தள்ளிப்போகும்.

தேனிக்காரர்களுக்கு இன்னொன்று. கேரள கோவளத்தில் டைவ் அடித்துவிட்டு கோட்டயம், குமுளி வழியாகத் திரும்பினால், சுமார் 900 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறீர்கள். விமானப் பயணம் போலவே மலை ஏற்றமும் உடலில் மிச்சம் இருக்கும் நைட்ரஜனைக் குமிழாக்கலாம். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலைப்பாதையில் தலைசுற்றினால் 'வளைவுல வர்ற மயக்கம்' என்று விட்டுவிடாதீர்கள்.

அருவிக்கும் ஆற்றுக்கும் இது பொருந்துமா?

கண்டிப்பாக. கும்பக்கரையில் வழுக்குப் பாறைகளும் யானை கெஜம், பாம்பு கெஜம் போன்ற ஆழமான பள்ளங்களும் இருக்கின்றன. கொடைக்கானல் மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் கூடும். அதனால்தான் வனத்துறை அடிக்கடி குளிக்கத் தடை போடுகிறது. முல்லைப் பெரியாற்றிலும் திறந்துவிடும் நீரைப் பொறுத்து இழுவை மாறும். தண்ணீர் ஏறுவதைக் கவனிப்பது, பாறையில் கால் வைக்கும் இடத்தைக் கணிப்பது, 'போதும், ஏறிடலாம்' என்று முடிவெடுப்பது ஆகிய மூன்றையும்தான் போதை முதலில் மந்தமாக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்துவதே குற்றம்: 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்திய குற்றம், சிறிய அளவு வைத்திருந்த குற்றம் ஆகியவற்றில் வழக்கில் இருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

என்ன செய்யலாம்?

• எடுத்திருந்தால் இறங்காதீர்கள். பயிற்சியாளரிடம் "இன்னைக்கு உடம்பு சரியில்ல, நான் இறங்கல" என்று சொன்னாலே போதும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.
• நண்பர் எடுத்தது தெரிந்தால், அவரை இறங்க விடாதீர்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.
• டைவ் முடிந்து ஒரு நாளுக்குள் மேலே சொன்ன அறிகுறி வந்தால் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் டைவ் அடித்ததையும் கஞ்சா எடுத்ததையும் இரண்டையும் சொல்லுங்கள். அவருக்கு அது சிகிச்சைக்குத் தேவையான தகவல்.
• பழக்கத்தை விட உதவி வேண்டுமா? தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம்.

கடல் எங்கேயும் போய்விடாது. இந்த முறை கரையில் உட்கார்ந்து நண்பர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுங்கள், அடுத்த முறை நீங்கள் இறங்கலாம்.