மாத்திரை வைக்க ஒரு மாடம்

அருமனைக் கடைவீதியில் கடைகள் சாத்தியபின், ஒரு திண்ணையில் வந்து படுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ஐப்பசி மழையில் அவர் கணுக்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு, நாலே நாளில் முழங்கால்வரை சிவந்து வீங்கிவிட்டது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். ஸெபலெக்ஸின் மாத்திரை, நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள்; சோப்பால் கழுவிக் காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும் என்றார். சிகிச்சையில் குற்றமில்லை. ஆனால் மூன்றாம் நாள் மாத்திரைப் பொட்டலம் மழையில் ஊறிக் கிடந்தது.

மருந்துச் சீட்டு என்பது வீடு உள்ளவர்களுக்காக எழுதப்படுவது என்று அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. மாத்திரை வைக்க மாடம், விழுங்கத் தண்ணீர், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்க ஒரு மனுஷி, இவ்வளவும் அதில் எழுதாமலே அடங்கியிருக்கின்றன. டாக்ஸிஸைக்ளின் இருக்கிறதே, அதைக் கணிசமான தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகலாம். கடும் வெயிலும் ஆகாது. ஒதுங்க நிழலில்லாதவரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

க்ஷயரோக விஷயத்தில் இந்தச் சங்கடத்தைச் சென்னை நகரம் முன்பே கண்டது. 1956-ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை ஸானடோரியத்திலும், மறு பாதியை அவரவர் நெரிசலான வீட்டிலுமாக வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. 1959-ல் வெளியான முடிவு பெரிய டாக்டர்களையே திகைக்க வைத்தது: இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள். பஞ்சணையும் போஷாக்கும் இல்லாவிட்டாலும், மருந்து ஒழுங்காக உள்ளே போனால் போதும்! ஆனால் கொடுத்தனுப்பிய மாத்திரைகளைச் சிலர் விழுங்குவதில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே வாரம் இருமுறை வரவழைத்து, கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசியும் ஐஸோநியாஸிட் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பலித்தது. பிற்பாடு உலகெங்கும் பரவிய 'டாட்ஸ்' முறைக்கு அதுவும் ஒரு வித்து.

நடந்ததை வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நாளைக்கு இரண்டே வேளை போதுமான ஸெபட்ராக்ஸில் எழுதித் தந்தார். பொட்டலத்தைப் பெரியவரிடம் கொடுக்கவில்லை. திண்ணைக்கு எதிரே உள்ள சாயாக் கடையில் கொடுத்தேன். கடை திறந்ததும் ஒன்று, சாத்துமுன் ஒன்று, கால் கழுவ ஒரு செம்பு வெந்நீர். கடைக்காரர் காசு வாங்க மறுத்ததோடு, "ஸார், இதற்கெல்லாமா படித்தவர் வரவேண்டும்?" என்றும் கேட்டுவிட்டார். ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது.

காலை உயர்த்தி வைக்கத் தலையணைக்குத்தான் வழியில்லை. என் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பரீட்சைத் தாள் கட்டு ஒன்று அந்த வேலையைச் செய்தது.